சவரன் என்னும் காசு: பழைய பிரிட்டிஷ் தங்க, வெள்ளி நாணயங்களை இனம் காண்பது எப்படி?

நகைக்கடைப் பலகையில் 'இன்று ஒரு சவரன்' என்று விலை எழுதியிருப்பதைப் பார்க்காதவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. சவரன் என்றால் எட்டு கிராம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஐந்தோ பத்தோ இல்லாமல் ஏன் எட்டு? சவரன் முதலில் ஓர் அளவே அல்ல, ஒரு காசு. லண்டனில் 1817 முதல் அச்சான 'சாவரின்' என்ற தங்க நாணயம்தான் நம் வாயில் சவரன் ஆயிற்று. அந்தக் காசின் மதிப்பு ஒரு பவுண்டு என்பதால் பவுன் என்றும் ஆயிற்று. சட்டப்படி அதன் எடை 7.988 கிராம். அதைத்தான் முழுசாக எட்டு என்று வைத்துக்கொண்டோம். அதன் மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, நகைக்கு நாம் கேட்கும் அதே 22 கேரட்.

இதைச் சொல்லத் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. பழைய நகையோடு சேர்த்து உருக்கப் போகும் காசுகளில் சில, அவற்றிலுள்ள தங்கத்தின் விலையைவிடப் பல மடங்கு பெறக்கூடியவை. உருக்கிய பிறகு அது தெரிந்து பயனில்லை. ஒரு காசை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொள்ள ஒரு மாலைப் பொழுது போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வீட்டில் 'ராஜா தலைக் காசு', 'ராணிக் காசு' என்று வைத்திருப்பவை பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்கள். அவற்றில் இந்தியா என்ற பெயரும் ரூபாய் என்ற மதிப்பும் ஆங்கிலத்தில் இருக்கும். எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். தலை ஒன்றுதான், ஆனால் நாடு வேறு. நான் இங்கே பேசுவது இங்கிலாந்தின் சொந்தப் புழக்கத்துக்காக அச்சான காசுகளைப் பற்றி: சவரன், அரைச் சவரன், ஷில்லிங், ஃப்ளோரின், அரை கிரவுன், கிரவுன். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1971 பிப்ரவரி 15 வரை அந்த நாட்டுக் கணக்கு இப்படித்தான் ஓடியது.

தேவையானவை மூன்றே. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, குறுக்களவும் கனமும் அளக்க ஒரு காலிப்பர், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ். உரைகல் வேண்டாம். உரைத்தால் காசில் கீறல் விழும், விலை போய்விடும்.

சவரனைப் படிப்பது

சவரனின் குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், கனம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். அரைச் சவரன் 3.99 கிராம், 19.3 மில்லிமீட்டர். புதிதாகப் பார்ப்பவர்கள் காசில் மதிப்பைத் தேடி ஏமாந்துபோவார்கள். சவரனில் 'ஒரு பவுண்டு' என்று எங்கும் எழுதியிருக்காது. தங்கமே அதன் மதிப்பு, எழுதிக் காட்டத் தேவையில்லை என்பதுதான் அன்றைய எண்ணம். கைமாறிக் கைமாறித் தேய்ந்து 7.94 கிராமுக்குக் கீழே இறங்கிய சவரன் சட்டப்படி செல்லாது. கடைக்காரர்கள் கல்லாவருகே சிறு தராசு வைத்திருந்ததும் அதனால்தான்.

தலைப்பக்கத்தில் அரசரின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். எழுத்தெல்லாம் தேய்ந்துபோன காசிலும் இது தெரியும். ஒருவருக்குப் பின் வருபவர் எதிர்ப்பக்கம் பார்ப்பது அங்கே வழக்கம். மூன்றாம் ஜார்ஜ் வலப்பக்கம், நான்காம் ஜார்ஜ் இடப்பக்கம், நான்காம் வில்லியம் வலம், விக்டோரியா இடம், ஏழாம் எட்வர்ட் வலம், ஐந்தாம் ஜார்ஜ் இடம். விக்டோரியாவின் ஆட்சி 63 ஆண்டு நீண்டதால் சவரனில் அவருக்கு மட்டும் மூன்று முகங்கள். 1838 முதல் 1887 வரை, கூந்தலை நாடாவால் கட்டிய இளம்பெண். 1887 முதல் 1893 வரை, முக்காட்டின் மேல் சின்னஞ்சிறு கிரீடம் வைத்தவர். 1893 முதல் 1901 வரை, முக்காடிட்ட மூதாட்டி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வாழ்நாள் முழுவதும் கண்முன் ஓடும். எனக்கு இந்தச் சேகரிப்பில் பிடிப்பு வந்ததே அந்த மூன்று முகங்களால்தான்.

1893-லிருந்து ராணியின் பட்டப்பெயர் வரிசையின் கடைசியில் ஐ-என்-டி, ஐ-எம்-பி என்று ஆறு எழுத்துகள் சேர்கின்றன. 'இந்தியாவின் பேரரசி' என்ற லத்தீன் சொற்களின் சுருக்கம் அது. விக்டோரியா அந்தப் பட்டத்தை ஏற்றது 1876-இல். இங்கிலாந்தின் சொந்தக் காசில் அது இடம்பெற 17 ஆண்டு ஆயிற்று. 1948 வரை இருந்து, 1949 காசுகளில் மறைந்தது. ஒரு பேரரசு நம்மை எப்போது தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது, எப்போது விட்டது என்பதை ஓரத்தில் இருக்கும் அந்த ஆறு எழுத்துகள் சொல்லிவிடுகின்றன.

இனி பூப்பக்கம், அதாவது தலைக்கு மறுபக்கம். குதிரை மேல் அமர்ந்து கீழே கிடக்கும் டிராகனை வெட்டும் புனித ஜார்ஜ் உருவத்தைச் செதுக்கியவர் பெனெடெட்டோ பிஸ்ட்ரூச்சி என்ற இத்தாலியக் கலைஞர். 1825-இலிருந்து சவரனில் அந்த இடத்தைக் கேடயச் சின்னம் பிடித்துக்கொண்டது. 1871-இல் குதிரைவீரர் திரும்பி வந்தார். ஆகவே கேடயம் போட்ட விக்டோரியா சவரனைக் கண்டு 'இது வேறு காசு' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதுவும் அசல் சவரனே.

அடுத்தது, லென்ஸ் இல்லாமல் கண்ணுக்குப் படாத ஒரு குட்டி எழுத்து. காசு அச்சிடும் லண்டன் அக்கசாலை தன் சவரனில் எழுத்து எதுவும் போடவில்லை. கிளைகள் போட்டன. எஸ் என்றால் சிட்னி, எம் என்றால் மெல்பர்ன், பி என்றால் பெர்த், சி என்றால் கனடாவின் ஒட்டாவா, எஸ்ஏ என்றால் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. கேடயக் காசில் இது கேடயத்தைச் சுற்றிய இலைமாலைக்குக் கீழே இருக்கும். இளம் விக்டோரியாவோடு குதிரைவீரர் உள்ள காசில் ராணியின் கழுத்துக்கு அடியில் இருக்கும். 1887-க்குப் பிந்தியவற்றில் குதிரையின் காலடித் தரைக்கோட்டில், ஆண்டு எண்ணுக்கு நேர்மேலே பாருங்கள்.

அந்தத் தரைக்கோட்டில் ஐ என்ற எழுத்து இருந்து, கீழே 1918 என்றும் இருந்தால், அந்தக் காசு பம்பாயில் பிறந்தது. முதல் உலகப் போரில் கடல்வழி ஆபத்தாக இருந்ததால் தங்கத்தை லண்டனுக்குக் கொண்டுபோய் அச்சடித்துக் கொண்டுவர முடியவில்லை. லண்டன் அக்கசாலையான ராயல் மின்ட் பம்பாயிலேயே ஒரு கிளை திறந்தது. அந்த ஓர் ஆண்டுத் தேதியோடு சுமார் 12 லட்சத்து 95 ஆயிரம் சவரன்கள் வெளிவந்தன. அதே எடையில், அதே மாற்றில், 15 ரூபாய் என்று மதிப்பு எழுதிய தங்கக் காசும் அதே ஆண்டு பம்பாயில் அச்சானது. ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய் என்பது அன்றைய கணக்கு.

எது அரிது என்பதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. எத்தனை அச்சானது என்பதும் இன்று எத்தனை மிஞ்சியிருக்கிறது என்பதும் ஒன்றல்ல. 1819-ஆம் ஆண்டுச் சவரன் சில ஆயிரமே அச்சானது, அதனால் அரிது. இது நேரான கணக்கு. ஆனால் லண்டனின் 1917 சவரன் பத்து லட்சத்துக்கும் மேல் அச்சானது. போர்ச் செலவுக்காக வெளிநாடு போய்ப் பெரும்பகுதி உருக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. எழுத்தில்லாத 1917 இன்று கிடைப்பதே பெரிது. அதே 1917-இல் பெர்த்தில் அச்சான, பி எழுத்துள்ள காசோ சாதாரணம். ஓர் எழுத்து இருப்பதும் இல்லாததும் விலையை எங்கோ கொண்டுபோய்விடுகிறது.

கள்ளக் காசு

சவரனுக்குக் கள்ளக் காசு நிறைய உண்டு. அவற்றில் பல உண்மையான தங்கத்தாலேயே ஆனவை என்பதுதான் சங்கடம். சென்ற நூற்றாண்டின் நடுவில் பெய்ரூட் போன்ற இடங்களில் நல்ல தங்கத்திலேயே அடித்தார்கள். வெறும் தங்கக்கட்டியைவிடச் சவரனாக விற்றால் கூடுதல் விலை கிடைத்ததால் அதில் லாபம் இருந்தது. 1957-இல் ராயல் மின்ட் மீண்டும் சவரன் அச்சிடத் தொடங்கியதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். ஆகவே தங்கம் என்று உறுதியானால் மட்டும் போதாது. எழுத்தின் விளிம்புகள் கூர்மையாக இருக்கின்றனவா, வெற்றிடத்தில் சிறு குமிழ்போல் புடைப்புகள் இருக்கின்றனவா, ஓரத்து மணிகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று லென்ஸில் பாருங்கள். ஆண்டும் எழுத்தும் பொருந்துகின்றனவா என்பதும் முக்கியம். 1918 முதல் 1924 வரை லண்டனில் சவரன் அச்சாகவே இல்லை. அந்த ஆண்டுகளில் ஒன்றைத் தாங்கி, எழுத்தில்லாமல் ஒரு சவரன் வந்தால் சந்தேகப்படுங்கள். நம் பக்கத்தில், காசுமாலைக்காகப் பொற்கொல்லர்களே ராஜா தலை போட்டு அடித்த தகடுகளும் உண்டு. அவை மெல்லியவை, எடை சவரனுக்கு எங்கோ கீழே நிற்கும்.

உலோகத்தைச் சோதிக்க, கீறாமல் உரைக்காமல் ஒரு வழி இருக்கிறது. தராசில் பாதி தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குவளையை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். காசு எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அந்த எடையைத் தராசு காட்டும். அசல் சவரன் காட்டுவது 0.45 கிராம் அளவு. அதே எடையுள்ள பித்தளைக் காசு இரண்டு மடங்கு காட்டிவிடும். டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி தங்கத்தை ஒட்டி வருவதால் அது மட்டும் இந்தச் சோதனையில் தப்பிக்கலாம். பெரிய விலை கொடுக்குமுன் நாணய வியாபாரியிடமும் காட்டுவது நல்லது.

வெள்ளி: ஒரே ஒரு எண் போதும்

தொடக்கக்காரருக்கு நான் சொல்வது எப்போதும் வெள்ளிதான். விலை குறைவு, வகை அதிகம், தவறினாலும் இழப்பு சிறிது. அதைவிட, அங்கே கணக்கு அழகாக இருக்கும். 1816-இல் சட்டம் செய்து, ஒரு டிராய் பவுண்டு (தங்கம், வெள்ளி நிறுக்கும் எடை, சுமார் 373 கிராம்) எடையுள்ள ஸ்டெர்லிங் வெள்ளியிலிருந்து 66 ஷில்லிங் அடிக்க வேண்டும் என்று வைத்தார்கள். ஒரு ஷில்லிங் 5.655 கிராம் ஆயிற்று. மற்றவை எல்லாம் இதன் பெருக்கமும் வகுத்தலுமே. ஆறு பென்னி மதிப்புள்ள ஆறு பென்ஸ் இதில் பாதி, 2.83. இரண்டு ஷில்லிங் ஆகிய ஃப்ளோரின் 11.31. இரண்டரை ஷில்லிங் ஆகிய அரை கிரவுன் 14.14. ஐந்து ஷில்லிங் கிரவுன் 28.28. அந்த ஓர் எண் மனதில் இருந்தால் எந்த வெள்ளிக் காசு கைக்கு வந்தாலும் எடை சரியா என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

ஸ்டெர்லிங் என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. இங்கே இரண்டு ஆண்டுகளை நினைவில் வைக்க வேண்டும்: 1920, 1947. முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளி விலை ஏறி, காசிலிருந்த வெள்ளி காசின் மதிப்பையே தாண்டும் நிலை வந்தது. 1920-இல் வெள்ளியைப் பாதியாக்கினார்கள். அளவும் எடையும் மாறவில்லை. எனவே 1919 ஷில்லிங்கும் 1921 ஷில்லிங்கும் பார்வைக்கு ஒன்றே. உள்ளே இருக்கும் வெள்ளி ஏறக்குறைய இருமடங்கு வேறுபடும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்ததால் 1947-இல் வெள்ளியை முற்றிலும் எடுத்துவிட்டு, செம்பும் நிக்கலும் கலந்த காசு வந்தது. தண்ணீர்ச் சோதனையில் இந்த மூன்றும் பிரிந்து நிற்கும். அரை கிரவுனைத் தொங்கவிட்டால் ஸ்டெர்லிங் 1.36 கிராம், பாதி வெள்ளி 1.46, நிக்கல் கலவை 1.58 என்று காட்டும்.

பெரிதாக, பளபளப்பாக இருப்பதெல்லாம் வெள்ளி என்று நினைத்து ஏமாறுவது சாதாரணம். சர்ச்சில் முகம் போட்ட 1965 கிரவுனை அரும்பொருளாக விற்க வருவார்கள். அதில் துளி வெள்ளி இல்லை. கிட்டத்தட்ட இரண்டு கோடி அச்சானது.

காசில் இருப்பதைவிட இல்லாதது பேசும் ஓரிடமும் உண்டு. 1849-இல் முதல் ஃப்ளோரின் வந்தபோது, 'இறையருளால்' என்ற வழக்கமான லத்தீன் சொற்கள் அதில் இல்லை. நாடே முணுமுணுத்தது. 'கடவுள் இல்லாத ஃப்ளோரின்' என்று பெயரே விழுந்துவிட்டது. 1851 முதல் சொற்கள் திரும்பின. 1887 ஆறு பென்ஸின் கதை இன்னும் சுவையானது. அதன் பூப்பக்கத்தில் மதிப்பை எழுதாமல், அரைச் சவரனில் இருந்ததைப் போன்ற கேடயத்தைப் போட்டுவிட்டார்கள். குறுக்களவும் ஏறக்குறைய ஒன்றே. சிலர் அதற்குத் தங்கமுலாம் பூசி அரைச் சவரனாகத் தள்ளத் தொடங்கினார்கள். அரசு அந்த அச்சை நிறுத்தி, மதிப்பு எழுதிய புதிய வடிவத்தை அதே ஆண்டில் கொண்டுவந்தது. தராசு வைத்திருந்தவர்கள் ஏமாந்திருக்க மாட்டார்கள்: ஒன்று 2.83 கிராம், மற்றது 3.99.

அதற்கும் முன்னால்

1663 முதல் 1814 வரை தங்கத்தில் ஆண்ட காசு கினி. எடை 8.4 கிராமை ஒட்டி இருக்கும், அதே 22 கேரட். மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கடற்கரையிலிருந்து வந்த தங்கம் என்பதால் அந்தப் பெயர். அந்தத் தங்கத்தைக் கொண்டுவந்த ஆப்பிரிக்கக் கம்பெனியின் யானைச் சின்னம் சில கினிகளில் அரசரின் தலைக்கு அடியில் இருக்கும். அதே கம்பெனிதான் மனிதர்களையும் அடிமைகளாக விற்றது. அந்தச் சிறு யானையைப் பார்க்கும்போது அதையும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை. கினியின் மதிப்பு 21 ஷில்லிங் என்று 1717-இல் நிலைப்பட்டபோது அக்கசாலையின் தலைவராக இருந்தவர் ஐசக் நியூட்டன்.

உலோகம் எங்கிருந்து வந்தது என்பதை இப்படி அரசரின் தலைக்குக் கீழே குறிப்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. விகோ என்று எழுதிய 1702, 1703 காசுகள், ஸ்பெயினின் விகோ விரிகுடாவில் கைப்பற்றிய புதையலில் அச்சானவை. லிமா என்று, பெரு நாட்டு நகரத்தின் பெயர், 1745, 1746 காசுகளில் இருக்கும். இரண்டாம் ஜார்ஜின் சில தங்கக் காசுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இ-ஐ-சி எழுத்துகளும் உண்டு.

1660-களுக்கு முந்தியவை பெரும்பாலும் சுத்தியலால் அடித்த காசுகள். வட்டம் சரியாக இராது, உருவம் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். வெள்ளியைச் சுற்றிலும் நறுக்கித் திருடுவது பெரிய தொல்லையாக இருந்தது. 1247-இல் பென்னியின் பூப்பக்கத்துச் சிலுவையை விளிம்புவரை நீட்டினார்கள். கைகளின் நுனி தெரியாத காசு நறுக்கப்பட்டது என்று அறியலாம். அந்தச் சிலுவைக் கோட்டிலேயே காசை இரண்டாக, நான்காக வெட்டிச் சில்லறையாகவும் பயன்படுத்தினார்கள். இயந்திரம் வந்த பிறகு விளிம்பில் வரியும் எழுத்தும் ஏறின. கிரவுனின் விளிம்பில் இருக்கும் லத்தீன் வாசகத்தைத் தமிழில் 'அணியும் அரணும்' என்று சொல்லலாம். விளிம்பெழுத்து காசுக்கு அழகு. திருட்டுக்குத் தடையும் அதுவே.

கைபடாமல் வைத்திருப்பது

நம் வீட்டு வழக்கங்களில் ஒன்றை இங்கே விட்டுவிட வேண்டும். வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டும், பாத்திரத்தைப் புளி போட்டும் தேய்ப்பதுபோல் காசைத் தேய்க்கக் கூடாது. நான் முதலில் வாங்கிய 1897 ஷில்லிங்கைத் திருநீறால் பளபளவென்று ஆக்கி, வியாபாரியிடம் பெருமையோடு நீட்டினேன். அவர் லென்ஸில் பார்த்துவிட்டு, வெள்ளி எடைக்கு என்ன விலையோ அதைத்தான் சொன்னார். நூறாண்டாகப் படிந்த கருமைதான் அதன் மேற்பரப்பைக் காத்திருந்தது, நான் தேய்த்து எடுத்தது அதையே என்று பொறுமையாக விளக்கினார்.

காசுமாலையிலிருந்தோ பதக்கத்திலிருந்தோ எடுத்த சவரனில் காது பற்றவைத்த தடம் மேல் விளிம்பில் இருக்கும். துளையிட்டிருந்தால் இன்னும் மோசம். சேகரிப்பவர் அதற்குத் தங்க விலையே தருவார். உள்ளதிலேயே நல்ல நிலையைத் தேடி வாங்குங்கள். தேய்மானம் முதலில் தெரிவது அரசரின் காதுக்கு மேலே உள்ள முடியிலும், பூப்பக்கத்தில் குதிரையின் மார்பிலும்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், விக்டோரியா முதல் ஐந்தாம் ஜார்ஜ் வரை ஆளுக்கொரு ஆறு பென்ஸ், அதில் விக்டோரியாவுக்கு மட்டும் மூன்று. மொத்தம் ஐந்தே காசு. அதன்பின் கை பழகியதும் ஒரு சவரன்.

லண்டன் பக்கம் இருப்பவர்கள் தேம்ஸ் கரைச் சேற்றில் தேட முன்னதாக அனுமதி பெற வேண்டும். இங்கிலாந்தில் மண்ணிலிருந்து 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிக் காசுகள் இரண்டோ அதற்கு மேலோ ஒன்றாகக் கிடைத்தால் 1996 புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் நூறாண்டு கடந்த காசு தொல்பொருள் என்ற வரையறைக்குள் வருகிறது. தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. பம்பாய்ச் சவரனும் இப்போது அந்தக் கணக்கில்தான்.

காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள், மெத்தென்ற துணிக்கு மேலாக. மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம். நாளடைவில் அவை கசிந்து காசில் பச்சைப் பிசுக்காகப் படியும். அமிலமில்லாத காகித உறை போதும், கூடவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று. உறையின் மேல் எடை, குறுக்களவு, ஆண்டு, அக்கசாலை எழுத்து, வாங்கிய நாள், கொடுத்த விலை எல்லாம் பென்சிலால் எழுதுங்கள். பாட்டியின் பெட்டியிலிருந்து வந்த காசு என்றால் பாட்டியின் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள், காசை உறைக்குள் போடுவதற்கு முன்பே.